பழைய ரைஃபிள் வாங்கும் முன்: சேஃப்டியை நம்பாமல் சோதிப்பது எப்படி

காக் செய்த, அதாவது சுடத் தயாராக ஸ்பிரிங்கை இறுக்கி நிறுத்திய ரைஃபிளில், தோட்டாவை இடித்து வெடிக்க வைக்கும் ஊசியான ஃபயரிங் பின்னைப் பிடித்து நிறுத்தியிருப்பது ஒரு சின்னக் கொக்கி. அதற்குச் சியர் என்று பெயர். சில ட்ரிக்கர் அமைப்புகளில் அந்தக் கொக்கி எதிர்ப் பாகத்தைக் கவ்வும் ஆழம் அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. அந்த விளிம்பு தேய்ந்தாலோ, அழுக்கில் பாதியில் நின்றாலோ, யாராவது அரத்தால் ராவியிருந்தாலோ, ட்ரிக்கரைத் தொடாமலே துப்பாக்கி வெடிக்கும். சேஃப்டி பட்டன் பெரும்பாலான துப்பாக்கிகளில் இந்தக் குறையைச் சரிசெய்வதில்லை, சேஃப்டி போட்டிருக்கும் வரை மறைத்து மட்டும் வைக்கிறது. அதனால் பழைய துப்பாக்கி பார்க்கப் போகிறவர் கட்டையின் பாலிஷையும் பேரலின் நீலப் பூச்சையும் பிறகு பார்க்கலாம். முதலில் பார்க்க வேண்டியது இந்தக் கவ்வல். காலித் துப்பாக்கியில், அரை மணி நேரத்தில், கையளவு கருவிகளோடு பார்த்துவிடலாம்.

வேலூர்ப் பக்கம் கைமாறும் துப்பாக்கிகள் பெரும்பாலும் மூன்று வகைக்குள் அடங்கும்: 12 போர் (போர் என்பது குழல் துளையின் அளவு) டபுள் பேரல் அல்லது சிங்கிள் பேரல், மேற்கு வங்க இஷாப்பூர் தொழிற்சாலைத் தயாரிப்பான .315 ரைஃபிள், எப்போதாவது ஒரு பழைய சீமை ரைஃபிள். 'வேட்டைத் துப்பாக்கி' என்பது இப்போது வெறும் பெயர்தான். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி பொழுதுபோக்கு வேட்டைக்கு இடமில்லை. ஒடுகத்தூரிலோ பேரணாம்பட்டிலோ நிலக்கடலைக் கொல்லையைப் பன்றி கிளறினாலும், கையில் லைசென்ஸ் இருக்கிறது என்பதற்காக விவசாயி தானாகச் சுட்டுவிட முடியாது.

முதலில் காகிதம்

ஆயுதச் சட்டம் 1959இன் 5ஆம் பிரிவுப்படி, தனிநபர் ஒருவர் தன் சொந்தத் துப்பாக்கியை இன்னொரு உரிமதாரருக்கு விற்பதானால், வாங்குபவரின் பெயர் முகவரியோடு மாவட்ட ஆட்சியருக்கோ அருகிலுள்ள காவல் நிலையப் பொறுப்பு அதிகாரிக்கோ எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தெரிவித்து 45 நாள் கழிந்த பிறகே கைமாற்றலாம். அந்த 45 நாளை வீணாக்காதீர்கள். கீழே சொல்லும் சோதனைகளைச் செய்ய அதுதான் நேரம். முன்பணம் கொடுப்பதானால், சோதனையில் தவறினால் திரும்பத் தர வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் அதிகபட்சம் 2 துப்பாக்கிதான் வைத்திருக்கலாம். லைசென்ஸ் 5 ஆண்டுக்குச் செல்லும். விற்பவரின் லைசென்ஸில் யுஐஎன் என்ற தனி அடையாள எண் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். பழைய புத்தகங்களில் இன்னும் 'வட ஆற்காடு' என்றே இருக்கும். அந்த மாவட்டம் 1989இல் இரண்டானது, மிச்சமிருந்த வேலூர் 2019இல் மூன்றானது. ஆம்பூர், வாணியம்பாடிக்காரர் திருப்பத்தூர் ஆட்சியர் அலுவலகத்துக்கும், ஆற்காடு, வாலாஜா, அரக்கோணத்தார் ராணிப்பேட்டைக்கும், ஆரணி, போளூர்க்காரர் திருவண்ணாமலைக்கும் போக வேண்டும். ஜவ்வாது மலைக்காரர்கள் இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். மலை ஒன்றுதான் என்றாலும் பீஞ்சமந்தை வேலூரிலும், புதூர்நாடு திருப்பத்தூரிலும், ஜமுனாமரத்தூர் திருவண்ணாமலையிலும் இருக்கின்றன.

உரிமதாரர் இறந்துபோய், லைசென்ஸ் இல்லாத மகன் விற்கிறார் என்றால் அவரிடமிருந்து நேரடியாக வாங்காதீர்கள். அந்தத் துப்பாக்கி முதலில் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைக்கப்பட வேண்டும். .303 என்று சொன்னால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள், அது தடைசெய்யப்பட்ட போர். மலையில் கரிமருந்து இடித்துப் போடும் உரிமமில்லாத நாட்டுத் துப்பாக்கியும் அப்படித்தான். தண்ணீர்க் குழாயைப் பேரலாக வைத்த ஒன்றில் சோதித்துப் பார்க்க எதுவுமே இல்லை.

துப்பாக்கியின் மேல் உள்ள எண்ணும் லைசென்ஸில் உள்ள எண்ணும் ஒன்றா என்று ஒவ்வொரு இலக்கமாகப் படியுங்கள். போல்ட் ரைஃபிளில் (கைப்பிடி வைத்த போல்ட் என்ற உருளையை முன்னும் பின்னும் தள்ளி மூடித் திறப்பது) இதற்கு இன்னொரு பயனும் உண்டு. போல்ட்டின் கைப்பிடி அடியில் ஓர் எண், பேரல் பக்கம் ஓர் எண் இருந்து, இரண்டும் பொருந்தவில்லை என்றால், வேறு துப்பாக்கியின் போல்ட்டைக் கொண்டுவந்து மாட்டியிருக்கிறார்கள். அந்தப் போல்ட்டின் காக்கிங் பீஸ் (ஃபயரிங் பின்னின் பின்முனையில் சியர் கவ்வும் பாகம்) இந்தத் துப்பாக்கியின் சியரோடு சேர்ந்து தேய்ந்தது அல்ல. கவ்வல் எப்படி இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

மேசைக்கு வருமுன்

சோதனையை விற்பவர் முன்னிலையில் செய்யுங்கள், ஆயுத வியாபாரியின் கடை என்றால் இன்னும் நல்லது. கொண்டு போக வேண்டியவை: பேனா டார்ச், மீன் எடை போடும் தொங்கு தராசு (5 கிலோ வரை காட்டும் டிஜிட்டல் தராசு போதும்), அந்தப் போருக்கான டம்மி (மருந்தில்லாத போலி) தோட்டா 2, ஒரு பூதக்கண்ணாடி, வெள்ளைத் துணி, ஒரு ரப்பர் சுத்தியல்.

தோட்டா எதுவும் அந்த அறையில் இருக்கக் கூடாது. 'டம்மிதான்' என்று யாராவது ஒரு டப்பாவை நீட்டினால் வாங்காதீர்கள், உங்கள் டம்மியையே பயன்படுத்துங்கள். குழல் வாய் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பதை முதலிலேயே முடிவு செய்து, அங்கே ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு முழு மணல் மூட்டை வையுங்கள். பாலாற்று மணலுக்கு இப்போது எங்கே போவது, எம்-சாண்ட் போதும். மாடி வீட்டில் கூரையைப் பார்த்துப் பிடிப்பது பாதுகாப்பு அல்ல, மேலே ஆள் இருக்கலாம்.

காலி செய்வதற்கு ஒரு வரிசை உண்டு. மேகஸினை (தோட்டாப் பெட்டியை) கழற்றுங்கள். பிறகு போல்ட்டைத் திறந்து பின்னுக்கு இழுங்கள். டார்ச் அடித்து, தோட்டா உட்காரும் அறையான சேம்பருக்குள் பாருங்கள், சுண்டு விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். வரிசையை மாற்றக் கூடாது. மேகஸின் மாட்டியபடியே போல்ட்டை இழுத்தால் சேம்பரில் இருந்த தோட்டா வெளியே போகும், மூடும்போது மேகஸினில் உள்ள அடுத்தது உள்ளே போய் உட்காரும். 'காலி பண்ணிட்டேன்' என்று சொன்ன துப்பாக்கி வெடிப்பது இப்படித்தான். தோட்டாவை வெளியே இழுக்கும் எக்ஸ்ட்ராக்டரின் கொக்கி உடைந்திருந்தால் தோட்டா சேம்பரிலேயே தங்கிவிடும். போல்ட்டை இழுத்தும் எதுவும் வெளியே வரவில்லை என்பது காலி என்பதற்கு ஆதாரமாகாது, விரல்தான் ஆதாரம். கையிலிருந்து கைக்கு மாறும் ஒவ்வொரு முறையும் இதைத் திரும்பச் செய்யுங்கள். விற்பவர் பெரியவர், என்ன நினைப்பாரோ என்ற கூச்சம் வேண்டாம். ராணுவத்தில் இருந்தவர் என்றால் நீங்கள் செய்யாவிட்டால்தான் முகம் சுளிப்பார்.

கொக்கியைக் கண்ணால் பார்ப்பது

போல்ட்டை முழுவதும் கழற்றிவிட்டு, பின்பக்கத்திலிருந்து டார்ச் அடியுங்கள். போல்ட் ஓடும் பாதையின் அடியில் சியரின் மூக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும். ட்ரிக்கரை அழுத்தினால் கீழே இறங்கும், விட்டால் சட்டென்று மேலே வர வேண்டும். மெதுவாக, தயங்கித் தயங்கி வந்தால் உள்ளே எண்ணெய் பிசினாகியிருக்கிறது அல்லது ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது.

மூக்கின் விளிம்பைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். நேராக, கூராக, முழு அகலத்துக்கும் ஒரே நிறமாக இருக்க வேண்டும். முனை உருண்டு பளபளத்தாலோ, ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தாலோ, மூலையில் சில்லு பெயர்ந்திருந்தாலோ வாங்க வேண்டாம். குறுக்கே மெல்லிய கோடுகள் தெரிந்தால் அது அரமோ எமெரித் தாளோ போன தடம். ட்ரிக்கர் லேசாக வேண்டும் என்று யாரோ ராவியிருக்கிறார்கள். இந்தப் பாகங்களில் மேல் தோல் மட்டும்தான் கடினப்படுத்தப்பட்டிருக்கும். அது போய்விட்டால் உள்ளே இருப்பது மென்மையான இரும்பு, ஒவ்வொரு முறை காக் செய்யும்போதும் கொஞ்சம் கொஞ்சமாக வழிந்துகொண்டே போகும். வாங்கிய அன்று எல்லாச் சோதனையிலும் தேறிய துப்பாக்கி இருநூறு முறை காக் செய்த பிறகு நழுவுவது இதனால்தான். இதே கண்ணோடு காக்கிங் பீஸின் அடியில் உள்ள எதிர் விளிம்பையும் பாருங்கள்.

திருகுகளால் சரிசெய்யும் ட்ரிக்கர் என்றால், பொதுவாக மூன்று திருகு இருக்கும்: எடைக்கு ஒன்று, கவ்வலின் ஆழத்துக்கு ஒன்று, வெடித்த பின் ட்ரிக்கர் ஓடும் தூரத்துக்கு ஒன்று. கம்பெனியில் அவற்றின் தலையில் ஒரு சொட்டு வார்னிஷ் வைத்து அடைத்திருப்பார்கள். அந்தச் சொட்டு உடைந்திருந்தால் யாரோ திருப்பியிருக்கிறார்கள். வேறெங்கும் குறை இல்லாவிட்டாலும், உரிமம் பெற்ற கன்ஸ்மித் (துப்பாக்கி பழுதுபார்ப்பவர்) திறந்து பார்த்துச் சொல்லும் வரை காத்திருங்கள்.

நான்கு சோதனை

தானாக வெடிப்பதில் நான்கு விதம் உண்டு: போல்ட்டை மூடும்போது, சேஃப்டியை எடுக்கும்போது, போல்ட்டைத் திறக்கும்போது, துப்பாக்கி அடிபடும்போது. நான்குக்கும் சோதனை தனித்தனி. ஒவ்வொன்றையும் பத்து முறை செய்யுங்கள். பத்தில் ஒன்று தவறினாலும் தவறியதுதான். இந்தக் குறைகளின் குணமே எப்போதாவது ஒரு முறை தலைகாட்டுவது.

மூடும்போது: சேஃப்டி எடுத்த நிலையில், ட்ரிக்கரிலிருந்து விரலை முழுவதும் விலக்கி, போல்ட்டை வேகமாகத் தள்ளி மூடுங்கள். காக்கிங் பீஸ் பின்னாலேயே நிற்க வேண்டும். போல்ட்டோடு சேர்ந்து அதுவும் முன்னால் ஓடி வந்தால் சியர் பிடிக்கவில்லை என்று பொருள். பிறகு ரொம்ப மெதுவாக மூடிப் பாருங்கள். சில துப்பாக்கிகள் வேகத்தில் தேறி, மெதுவில் நழுவும்.

சேஃப்டி எடுக்கும்போது: நான்கில் இதைத்தான் அதிகம் பேர் செய்வதில்லை, அதிகம் மாட்டிக்கொள்வதும் இதில்தான். காக் செய்யுங்கள். சேஃப்டி போடுங்கள். ட்ரிக்கரை நன்றாக, நான்கைந்து கிலோ விசையில் இழுங்கள். விடுங்கள். விரலை ட்ரிக்கரைச் சுற்றியுள்ள வளையமான கார்டுக்கு வெளியே எடுத்துவிட்டு, இப்போது சேஃப்டியை மட்டும் எடுங்கள். 'கிளிக்' என்று கேட்டால் அந்தத் துப்பாக்கி ஆளைக் கொல்லும். சேஃப்டி போட்டிருந்தபோது நீங்கள் இழுத்த ட்ரிக்கர் தன் பழைய இடத்துக்கு முழுதாகத் திரும்பவில்லை. சியரைத் தாங்கியிருந்தது சேஃப்டி மட்டும்தான், அதை எடுத்ததும் தாங்க ஆளில்லை. வயலில் இது எப்படி நடக்கும் என்றால், புதரில் நுழையும்போது ஒரு குச்சியோ கோட்டுப் பொத்தானோ ட்ரிக்கரில் பட்டு விலகும். அரை மணி கழித்து, வீட்டுத் திண்ணையில், காலி செய்வதற்காகச் சேஃப்டியை எடுக்கும்போது வெடிக்கும். சேஃப்டியைப் பாதி வழியில் நிறுத்தியும் பாருங்கள். நடுவில் நிற்கக் கூடாது. நின்றால் அந்த நிலையில் ட்ரிக்கரை இழுத்து, பிறகு முழுதாக எடுத்துப் பாருங்கள்.

திறக்கும்போது: மேலே சொன்னதையே செய்து, சேஃப்டி எடுத்ததும் வெடிக்கவில்லை என்றால், ட்ரிக்கரைத் தொடாமல் போல்ட் கைப்பிடியை மேலே தூக்குங்கள். அப்போதும் ஃபயரிங் பின் விழக் கூடாது.

அடிபடும்போது: காக் செய்து, சேஃப்டி எடுத்து, குழல் மணல் மூட்டையைப் பார்த்திருக்க, ரப்பர் சுத்தியலால் கட்டையின் அடி, இரு பக்கம், ரிசீவரின் (போல்ட் ஓடும் உலோக உடலின்) மேல் என்று மிதமாகத் தட்டுங்கள். பிறகு கட்டையின் அடியை ஒரு விரற்கடை உயரத்திலிருந்து மடித்த கோணிப்பை மேல் விடுங்கள். அமெரிக்கத் தர விதிகளில் 12 அங்குல உயரத்திலிருந்து ரப்பர் பாய் மேல் போடும் சோதனை இருக்கிறது, ஆனால் அது தொழிற்சாலையில் செய்வது. அடுத்தவர் துப்பாக்கியின் நாற்பது வருஷக் கட்டையைப் பிளந்துவிட்டு வராதீர்கள்.

இதோடு ட்ரிக்கர் எடை. துப்பாக்கியை மேசையில் படுக்க வைத்து, தராசின் கொக்கியை ட்ரிக்கர் வளைவின் நடுவில் மாட்டி நேர் பின்னால் இழுங்கள். வயலில் புழங்கும் ரைஃபிளுக்கு ஒன்றரை முதல் இரண்டரை கிலோ சரி. ராணுவப் பாணியில் இரண்டு கட்டமாக இழுபடும் ட்ரிக்கர் இன்னும் சற்றுக் கூடும். ஒரு கிலோவுக்குக் கீழ் என்றால் யாரோ கைவைத்திருக்கிறார்கள். எடையைவிட முக்கியம், பத்து முறையும் ஏறக்குறைய ஒரே எண் வருகிறதா என்பது. 1.8, 1.9, 1.8, 1.2 என்று வந்தால் அந்த 1.2தான் உங்கள் பதில்.

தோட்டாவின் விளிம்பில் இடித்து வெடிக்கும் .22 ரிம்ஃபயர் ரைஃபிளை டம்மியோ காலிக் கேஸோ இல்லாமல் வெறுமனே அடிக்கக் கூடாது. ஃபயரிங் பின் சேம்பர் விளிம்பில் இடித்துக் குழி போடும். பழைய டபுள் பேரலிலும் வெறுமனே அடித்தால் ஃபயரிங் பின்னின் முனை ஒடியலாம்.

.315இல் மரம் செய்யும் வேலை

இஷாப்பூர் .315, லீ-என்ஃபீல்டு என்ற பிரிட்டிஷ் ராணுவ ரைஃபிள் வழி வந்தது. இதில் காக் ஆவது போல்ட்டைத் திறக்கும்போது அல்ல, முன்னால் தள்ளி மூடும்போது. அதனால் சியர் தேய்ந்திருந்தால் மூடும் சோதனையிலேயே காட்டிக்கொடுத்துவிடும். காக்கிங் பீஸில் இரண்டு வெட்டு உண்டு: முழுக் காக், அரைக் காக். அரைக் காக்கில் ட்ரிக்கரும் போல்ட்டும் பூட்டிக்கொள்ளும். மூடும்போது அது முழுக் காக்கில் நிற்காமல் அரைக் காக்கில் போய் நின்றால், முதல் கொக்கி தவறி இரண்டாவது காப்பாற்றியிருக்கிறது. 'எப்பவாவது இப்படி நிக்கும், மறுபடி இழுத்தா சரியாயிடும்' என்று விற்பவர் சொன்னால், அவர் உண்மையைத்தான் சொல்கிறார்.

பழைய லீ-என்ஃபீல்டு அமைப்பில் இன்னொரு வில்லங்கம். சியர் இருப்பது ரிசீவரில், ட்ரிக்கர் தொங்குவது கீழே உள்ள ட்ரிக்கர் கார்டில். இரண்டுக்கும் நடுவில் மரக்கட்டை. ஏப்ரல், மே வெயிலில் கட்டை சுருங்கினால் கார்டு மேலே ஏறும், ட்ரிக்கர் சியரை நெருங்கும். ஐப்பசி மழையில் ஊறி உப்பினால் விலகும். அதாவது கோடையில் தேறிய துப்பாக்கி மழைக்காலத்தில் வேறு துப்பாக்கி. பிரிட்டிஷ் ராணுவமே பின்னாளில் நம்பர் 4 மார்க் 1/2 மாதிரியில் ட்ரிக்கரை ரிசீவருக்கு மாற்றியது இந்தத் தொல்லைக்காகத்தான். உங்கள் முன் இருப்பதில் ட்ரிக்கர் எதில் மாட்டியிருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். கார்டில் என்றால் கார்டுத் திருகு இறுகியிருக்க வேண்டும், கட்டையில் அந்த இடத்தில் விரிசலோ எண்ணெய் ஊறிய கறுப்போ இருக்கக் கூடாது, சேஃப்டி சோதனையைப் பருவம் மாறும்போது மறுபடி செய்ய வேண்டும்.

ஃபயரிங் பின் போல்ட் முகத்திலிருந்து எவ்வளவு நீட்டுகிறது என்பதையும் அளக்கலாம். போல்ட்டைக் கழற்றி, காக் விடுவித்த நிலையில், லீ-என்ஃபீல்டுக்கு ஒரு மில்லிமீட்டர் முதல் 1.27 வரை. அதைவிடக் கூடினால் பிரைமரை (தோட்டாவின் அடியில் உள்ள வெடிமூடியை) துளைக்கும், குறைந்தால் சில நேரம் அடிக்காது. காக் செய்த நிலையில் முனை முகத்துக்குள் முழுதாக மறைந்திருக்க வேண்டும். துருவேறியோ முனை ஒடிந்து சிக்கியோ அது வெளியே நீட்டிக்கொண்டே நின்றால், போல்ட்டை மூடும் வேகத்திலேயே தோட்டா வெடிக்கலாம். அப்போது போல்ட் இன்னும் பூட்டியிருக்காது, பின்னால் வருவது உங்கள் முகத்துக்கு.

டபுள் பேரல்

டபுள் பேரலில் சேஃப்டி பெரும்பாலும் ட்ரிக்கர் தகடுகளை மட்டும்தான் தடுக்கும். உள்ளே காக் ஆகி நிற்கும் இரண்டு குதிரைகளை (ஃபயரிங் பின்னை அடிக்கும் சுத்திகளை) அது தொடுவதே இல்லை. உயர்ந்த விலை சைட்லாக் துப்பாக்கிகளில் விழும் குதிரையைத் தடுக்க இரண்டாவது கொக்கி ஒன்று வைத்திருப்பார்கள். நம் கைக்கு வருபவற்றில் அதை எதிர்பார்க்க வேண்டாம்.

இரண்டு டம்மி போட்டு மூடி, சேஃப்டி போட்டு, இரண்டு ட்ரிக்கரையும் இழுத்து விட்டு, சேஃப்டியை எடுங்கள். சத்தம் வரக் கூடாது. பிறகு முன் ட்ரிக்கரை இழுங்கள், ஒரு கிளிக். உடனே கட்டையின் அடியை உள்ளங்கையால் ஓங்கி ஒரு தட்டு. இப்போது பின் ட்ரிக்கரை இழுத்தால் இரண்டாவது கிளிக் கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் தட்டிய அதிர்விலேயே இரண்டாவது குதிரை விழுந்துவிட்டது. உண்மையில் சுடும்போது உதைப்பு இதைவிடப் பல மடங்கு, இரண்டு குழலும் ஒன்றாக வெடிக்கும். மாற்றியும் செய்யுங்கள்: பின் ட்ரிக்கர் முதலில், முன் ட்ரிக்கர் பிறகு. திறந்து ஓங்கி மூடுவதையும் பத்து முறை.

திறந்தால் சேஃப்டி தானாகப் பின்னுக்கு வரும்படி செய்யப்பட்ட துப்பாக்கி வரவில்லை என்றால், உள்ளே உள்ள கம்பியை யாரோ கழற்றியிருக்கிறார்கள். வேறு என்னவெல்லாம் கழற்றினார்கள் என்று யோசிக்க வேண்டியதுதான்.

குதிரை வெளியே தெரியும் ரொம்பப் பழைய துப்பாக்கி என்றால், மெதுவாகக் கீழே இறக்கி விடுங்கள். இறங்கிய பின் அது தானாகச் சற்றுப் பின்வாங்கி நிற்க வேண்டும். பின்வாங்காமல் ஃபயரிங் பின் மேலேயே சாய்ந்து கிடந்தால், தோட்டா போட்டிருக்கும்போது குதிரையின் தலையில் விழும் ஒரு தட்டு போதும்.

முன்கட்டையைக் கழற்றிவிட்டுக் குழலைப் பிடித்து ஆட்டுங்கள், கடகடவென்று ஆடக் கூடாது. குழலுக்கும் அது வந்து மூடும் ஆக்ஷன் முகத்துக்கும் நடுவில் ஒரு சாதாரண ஜெராக்ஸ் தாள் நுழையக் கூடாது, அது 0.1 மில்லிமீட்டர் தடிமன். பழைய சீமை 12 போர்களில் சேம்பர் 65 மில்லிமீட்டர் நீளம். இன்றைய 70 மில்லிமீட்டர் தோட்டா அதற்குள் பிரச்சினையில்லாமல் போய் உட்காரும், வெடிக்கும்போதுதான் விரிய இடம் இல்லாமல் அழுத்தம் ஏறும். அளந்து பார்க்காமல் தோட்டா வாங்க வேண்டாம்.

தேங்காய் எண்ணெய், தோல் உறை, குளவி

நம் ஊர்த் துப்பாக்கிகளில் பாதிக் குறை இந்த மூன்றால் வருவது.

தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையும். வேலூர் வெயிலில் நன்றாக வழுக்கும் சியர், மார்கழி விடியலில் ஏலகிரியிலோ ஜவ்வாது மலையிலோ மெழுகில் மாட்டியது போல நிற்கும். ட்ரிக்கர் திரும்பி வராது. அதன் பிறகு நடப்பதைத்தான் சேஃப்டி சோதனையில் பார்த்தோம். நாள்பட்டால் அதுவே பிசினாகித் தூசியைப் பிடிக்கும். தையல் மெஷின் எண்ணெய் பரவாயில்லை, அதுவும் ஒரு சொட்டுதான். ட்ரிக்கர் பெட்டிக்குள் ஸ்ப்ரே அடித்து ஊறவைப்பதும் கெடுதலே, காய்ந்த பிறகு அரக்கு போலப் படியும். வெள்ளைத் துணியைச் சியர் மூக்கில் ஒற்றி எடுத்தால் பழுப்பாக, பிசுபிசுவென்று வந்தால் கழுவிய பிறகுதான் சோதனைக்குப் பொருள் உண்டு. ஆனால் கழுவித் தேறியதாலேயே வாங்கிவிடாதீர்கள், பிசினுக்கு அடியில் தேய்மானம் இருக்கிறதா என்று மறுபடி கொக்கியைப் பாருங்கள்.

ஆம்பூரும் ராணிப்பேட்டையும் பக்கத்தில் இருப்பதால் நல்ல தோல் உறைக்கு இங்கே பஞ்சமில்லை. அந்த உறையில் ஐந்து வருஷம் தூங்கிய துப்பாக்கிதான் உள்ளே அழுகியிருக்கும். பட்டைச் சாற்றில் பதனிட்ட தோலில் அமிலத் தன்மை உண்டு, ஈரத்தையும் பிடித்து வைக்கும். வெளியே துடைத்துக் காட்டுவார்கள், போல்ட்டின் உள் ஸ்பிரிங்கை யார் துடைத்தார்கள். தோல் பெல்ட்டில் செருகி வைத்த தோட்டாக்களின் பித்தளையில் பச்சை படிந்திருந்தால் அவற்றைச் சுடாதீர்கள். சேம்பரில் ஒட்டிக்கொண்டு எடுக்க வராது.

குழலுக்குள் வாய்ப்பக்கமிருந்தும் சேம்பர் பக்கமிருந்தும் வெளிச்சம் விட்டுப் பாருங்கள். சுவரில் சாய்த்து வைத்த துப்பாக்கிக்குள் குளவி மண்கூடு கட்டுவது இங்கே சாதாரணம். ஒரு விரல் மண் போதும், குழல் வீங்கவோ வெடிக்கவோ. உள்ளே வட்டமாக ஒரு கருநிழல் தெரிந்து, வெளியே அதே இடத்தில் விரலுக்கு மேடு தட்டுப்பட்டால், முன்பே ஒரு முறை அப்படி வெடித்துத் தப்பிய குழல் அது.

சீமை ரைஃபிள் வந்தால்

மௌசர் 98 என்ற ஜெர்மன் ரைஃபிளின் வழி வந்தவற்றில் போல்ட்டின் பின்னால் மூன்று நிலை உள்ள சேஃப்டி இருக்கும். இடப்பக்கம் சாய்ந்தால் சுடும். நிமிர்ந்து நின்றால் ஃபயரிங் பின் தடுக்கப்பட்டும் போல்ட்டைத் திறக்கலாம். வலப்பக்கம் இரண்டும் பூட்டு. இது ட்ரிக்கரை அல்ல, ஃபயரிங் பின்னையே பிடிப்பதால் நல்ல அமைப்பு. காலி செய்வதை எப்போதும் நிமிர்ந்த நிலையில் செய்யலாம். தொலைநோக்கி பொருத்துவதற்காக இந்தச் சேஃப்டியைக் கழற்றிவிட்டு வேறு பக்கவாட்டு பட்டன் வைத்திருந்தால் அந்த நன்மை போய்விட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

ரெமிங்டன் 700 என்ற அமெரிக்க ரைஃபிள் இங்கே அபூர்வம், ஆனால் வந்தால் ட்ரிக்கர் எது என்று தெரியாமல் தொடாதீர்கள். பழைய வாக்கர் ட்ரிக்கரில், ட்ரிக்கருக்கும் சியருக்கும் நடுவில் கனெக்டர் என்ற ஒட்டாத தகடு ஒன்று உண்டு. தூசியோ பிசினோ அந்த இடுக்கில் புகுந்தால் தகடு முழுதாகத் திரும்பாது. சேஃப்டி எடுக்கும்போது வெடிக்கும் குறைக்கு இது பேர்போனது, அமெரிக்காவில் வழக்குகளாகி 2018இல் சமரசத்தில் முடிந்தது. 2006இல் அதற்குப் பதில் வந்த எக்ஸ்-மார்க் ப்ரோ ட்ரிக்கரும் தப்பவில்லை: 2006 மே 1 முதல் 2014 ஏப்ரல் 9 வரை தயாரானவற்றை, உள்ளே ஒட்டுப் பசை அதிகம் போயிருக்கலாம் என்று கம்பெனியே திரும்ப அழைத்தது. 1982க்கு முந்தைய 700களில் சேஃப்டி போட்டால் போல்ட்டும் பூட்டிக்கொள்ளும், அதாவது காலி செய்வதற்கே சேஃப்டியை எடுத்தாக வேண்டும். குறையுள்ள ட்ரிக்கரும் இந்தப் பூட்டும் ஒரே துப்பாக்கியில் சேர்ந்தால் விளைவு என்ன என்று சொல்ல வேண்டியதில்லை.

பழுது, முதல் தோட்டா, அதன் பிறகு

சோதனையில் தவறியதைச் சரிசெய்து வாங்கலாம் என்று தோன்றினால், வேலை உரிமம் பெற்ற கன்ஸ்மித்திடம்தான். அதற்கான உரிமம் இல்லாதவர் துப்பாக்கியைப் பழுதுபார்ப்பது ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவின்படி குற்றம். சட்டத்தை விடுங்கள், ஊரில் எவ்வளவு கைராசியான லேத் பட்டறைக்காரரும் சியரை வெல்டிங் வைத்து ராவினால் கடினத் தோல் போய்விடும். தேய்ந்த சியருக்கு மருந்து புதுச் சியர், ராவுவது அல்ல.

முதல் முறை சுடுவது அனுமதி பெற்ற சுடுதளத்தில். கொல்லைமேட்டில் வேண்டாம். அடுத்தவர் உயிருக்கு ஆபத்து வரும்படி கவனக்குறைவாகச் சுட்டால் 2019 திருத்தப்படி 2 ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். முதலில் ஒரே ஒரு தோட்டா, மேகஸினில் ஒன்றும் இல்லாமல். அது சரியாகப் போனால், டபுள் பேரலில் இரண்டு போட்டு, முதல் உதைப்பில் இரண்டாவது தானாகப் போகிறதா என்று பாருங்கள். அடித்தும் வெடிக்கவில்லை என்றால் போல்ட்டைத் திறக்காமல், குழலை இலக்கின் பக்கமே வைத்து முழு ஒரு நிமிடம் காத்திருங்கள். பழைய தோட்டாவில் மருந்து தாமதமாகப் பற்றுவது உண்டு.

தேர்தல் அறிவிப்பு வந்தால் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள். திரும்ப வாங்கும்போது அது பல துப்பாக்கிகளோடு சாய்ந்து நின்று, பல கை பட்டு வந்திருக்கும். கவுண்டரிலேயே மேகஸின், போல்ட், டார்ச், சுண்டு விரல் என்ற அதே வரிசையில் காலி பாருங்கள். எண்ணை ஒப்பிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். போல்ட்டைக் கழற்றி வேறு பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டு வந்து, சேஃப்டி சோதனையைப் பத்து முறை செய்த பிறகு அலமாரியில் வைத்துப் பூட்டுங்கள். தோட்டாவுக்கு வேறு பூட்டு, வேறு சாவி.